லீவரில் தேய்ந்த இடம்

குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்த பிறகுதான் பக்கத்து வீட்டுப் பெரியவர் அதை என் கையில் கொடுத்தார்.

அவருடைய தாத்தாவின் துப்பாக்கி. டெக்சாஸ் வெயிலில் பல வருடம் பரணில் கிடந்திருக்கிறது.

பருத்தித் துணியில் எண்ணெய் தொட்டுக் குழலைத் துடைத்தோம். 'கிங்ஸ் இம்ப்ரூவ்மென்ட்' (கிங் என்பவர் செய்த மேம்பாடு), 1866 என்ற எழுத்து மெல்ல எழுந்து வந்தது. அது காப்புரிமை வருடம்தான். 1866 மாடலின் உடல் மஞ்சள் உலோகம், இதில் இரும்பு. அப்புறம் பிடிப்பக்கம் அழுக்கைப் பல்குச்சியால் நெம்பியதும் 'மாடல் 1873' தெரிந்தது. வின்செஸ்டர் நிறுவனத்தின் துப்பாக்கி!

கீழே இருந்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டோம். வயோமிங் மாநிலத்தில் கோடி (Cody) என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலையின் பழைய பேரேடுகள் இருக்கின்றன. எழுதிக் கேட்க வேண்டும்.

குண்டு ஏற்ற இறக்கித் தூக்கும் லீவரின் வளையத்தில் விரல் படும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கையின் பழக்கம் அது.

பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கலாமே என்றான் அவர் பேரன். வேண்டவே வேண்டாம் என்றேன். அந்தப் பழுப்பு நிறத்தைச் சுரண்டினால் தாத்தாவும் போய்விடுவார்.

துருவை மட்டும் எடுத்து, எண்ணெய் விட்டு, லீவரை மெதுவாக இறக்கினார். உள்ளே குண்டை மேலே தூக்கும் பித்தளைத் துண்டு சத்தமில்லாமல் மேலே வந்து நின்றது.