முறுக்கு இயந்திரமும் 24 வோல்ட்டும்

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பலகார இயந்திரங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். தேன்குழல், சீப்புச்சீடை பிழியும் இயந்திரங்கள்தான் எங்கள் பிழைப்பு. சென்ற ஆண்டு பாரிஸில் பலகாரக் கடை நடத்தும் தமிழர் ஒருவர் ஓர் இயந்திரம் கேட்டார். அங்கே அனுப்ப, ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறி வேண்டும். பிழியும் உருளையும் மூடியும்தான் தொல்லை தரும் என்று எண்ணியிருந்தேன். நான்கு மாத வேலையில் பாதியை எடுத்துக்கொண்டது, மின் பேனலுக்குள் இருந்த உள்ளங்கை அகலப் பவர் சப்ளை.

230 வோல்ட்டை 24 வோல்ட் டிசியாக மாற்றுவது அதன் வேலை. பட்டன், சென்சார், சோலினாய்டு என்னும் மின்காந்த இழுவி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. 24 வோல்ட் ஆளை அடிக்காது என்று நாங்கள் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. ஆனால் மாவுக் கையோடு தொடும் பட்டனுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவே நிற்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மின்காப்பு ஒன்றுதான்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆலோசகர் அதன் சோதனை அறிக்கையைக் கேட்டார்.

"ஸ்டிக்கரிலேயே சிஇ குறி இருக்கிறதே, அண்ணே" என்றான் எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி.

விற்றவரிடம் அறிக்கை இல்லை. பெட்டியைத் திறந்தோம். 230 வோல்ட் பக்கத்துக்கும் 24 வோல்ட் பக்கத்துக்கும் இடையே சர்க்யூட் பலகையின் மேற்பரப்பில் 5 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். 3 தான் இருந்தது. இரு பக்கங்களையும் இணைக்கும் கெப்பாசிட்டர் ஒய்1 என்னும் பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும். அதில் இருந்தது சாதாரண வகை. அது ஷார்ட் ஆனால் பட்டன் வரை 230 வோல்ட் வரும். அன்றே அதைக் கழற்றி, பவர் சப்ளைகளின் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரமான ஐஇசி 61204-7-க்குச் சோதிக்கப்பட்ட ஒன்றை வாங்கினேன். விலை மூன்று மடங்கு. அரிசி மாவு உள்ளே படிந்தால் அந்த 5 மில்லிமீட்டரும் போதாது என்பதால் பேனலையும் தூசியும் நீர்த் தெறிப்பும் பாதிக்காத ஐபி54 வகை ஆக்கினோம்.

அடுத்தது எர்த். இயந்திர மின்சாரத்துக்கான ஐஇசி 60204-1 தரப்படி, இத்தகைய 24 வோல்ட் சுற்றின் ஒரு முனை எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு முனைகளையும் சும்மா விட்டுவிடுவதே வழக்கம். அது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போதுதான் விளங்கியது. பிளஸ் வயர் தேய்ந்து இயந்திரத்தின் உலோக உடம்பில் பட்டால் ஒன்றும் தெரியாது, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். பின்னொரு நாள் ஸ்டார்ட் பட்டனுக்கு அப்பால் இன்னொரு வயரும் உடம்பில் பட்டால், யாரும் அழுத்தாமலே சோலினாய்டு இழுக்கும். மாவு நிரப்புகிறவரின் கை அப்போது உருளைக்குள் இருக்கலாம். மைனஸை எர்த் செய்துவிட்டால் முதல் கோளாறிலேயே ஷார்ட் ஆகி நின்றுவிடும்.

நிற்கிறதா என்று வேண்டுமென்றே ஷார்ட் செய்து பார்த்தோம். நிற்கவில்லை! மின்னோட்டம் மிகுந்தால் தானே விழ வேண்டிய 6 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. பிரேக்கர் அசையவே இல்லை, ரிலேக்கள் படபடத்தன. அந்த எம்.சி.பி. உடனே விழ அதன் அளவைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு மின்னோட்டம் வேண்டும். டிசியில் இன்னும் அதிகம். 5 ஆம்பியர் எலக்ட்ரானிக் பவர் சப்ளையோ தன்னைக் காத்துக்கொள்ள ஒன்றரை மடங்குக்கு மேல் தராமல் அடங்கிவிடுகிறது. பழைய டிரான்ஸ்பார்மர் பழக்கம் இங்கே உதவாது. ஒவ்வொரு கிளைக்கும் 2 ஆம்பியர் எலக்ட்ரானிக் பிரேக்கர் போட்டோம். மறுபடி ஷார்ட் செய்தபோது அந்தக் கிளை மட்டும் உடனே அறுந்தது.

மற்றவை விரைவில் முடிந்தன. மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் 1 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும்; காட்டியது. எங்கள் வகை இயந்திரத்துக்கு, விதிகளுக்கு உட்பட்டது என்று உற்பத்தியாளரே உறுதிமொழி எழுதிக் கையெழுத்திடலாம். கையேடு பிரெஞ்சில் வேண்டும். தொழில்நுட்பக் கோப்பை 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பெட்டி தூத்துக்குடிக்குப் புறப்பட்ட வாரமே தேவகோட்டைக்குப் போனேன். அங்கே ஓர் ஆச்சியின் பலகாரக் கூடத்தில் எங்கள் பழைய இயந்திரம் ஆறு ஆண்டுகளாக ஓடுகிறது. "நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கப்பா பிரிக்கிறாய்?" என்றார்கள். பிளஸ் வயர் ஒன்று கதவு விளிம்பில் உரசிச் செம்பு தெரிந்திருந்தது. அதைக் காட்டினேன். பவர் சப்ளை, பிரேக்கர், எர்த் மூன்றையும் மாற்றிக் கொடுத்தேன், பணம் வாங்கவில்லை. பழைய பட்டியலில் இன்னும் பதினொரு இயந்திரங்கள் இருக்கின்றன. அடுத்தது பள்ளத்தூர்.