மனநல கவுன்சிலர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரிஜிஸ்டர் நம்பர கேளுங்க

போன வருஷம் என் தங்கச்சிய வேளச்சேரில ஒரு கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்து ஐநூறு ரூபா, மூணு தடவ போனா. அப்புறம் ஒரு நாள் ராத்திரி அம்மா தோசை ஊத்திக்கிட்டே "உனக்கு இந்த வீட்ல மூச்சு முட்டுதாமே"ன்னு கேட்டாங்க. தங்கச்சி பிச்ச துண்ட அப்படியே தட்டுல வச்சுட்டா. அந்த வார்த்தைய அவ எங்கிட்டகூட சொன்னதில்ல, அந்த ரூம்ல மட்டும்தான் சொல்லியிருக்கா. அம்மா போன் பண்ணி எப்படி இருக்கான்னு கேட்டிருக்காங்க, அந்த மேடம் எல்லாத்தையும் ஒப்பிச்சிட்டாங்க. அவளுக்கு 24 வயசு, சின்னக் குழந்தை இல்ல.

அம்மாவ நான் குத்தம் சொல்லமாட்டேன், பெத்த மனசு கேக்கத்தான் செய்யும். அந்த மேடம் சொன்னாங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல.

சரி கம்ப்ளெயிண்ட் பண்ணலாம்னா எங்க போறது? டாக்டர்னா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில், வக்கீல்னா பார் கவுன்சில். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் இருக்கு, 1992 சட்டத்துல வந்தது, எம்ஃபில் மாதிரி அவங்க ஒத்துக்கிட்ட படிப்பு படிச்சு ரிஜிஸ்டர்ல பேர் ஏறணும், தப்பு பண்ணா பேர எடுத்துடலாம். வெறும் கவுன்சிலர்னு போர்டு மாட்டறவங்க இதுல வரமாட்டாங்க. 2017 மனநலச் சட்டத்துல பேஷண்ட் விஷயத்த வெளிய சொல்லக்கூடாதுன்னு தெளிவா இருக்கு, ஆனா அதுல பதிவு பண்ணணும்னு சொல்றது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநல நர்ஸ், சைக்யாட்ரிக் சோஷியல் வொர்க்கர் இவங்களத்தான். டாக்டர், நர்ஸ் இல்லாத மத்த ஹெல்த் வேலைகளுக்காக 2021ல வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டத்துல கவுன்சிலர்களயும் சேத்திருக்காங்க, ஒவ்வொரு மாநிலத்துலயும் கவுன்சில் வச்சு ரிஜிஸ்டர் போடணும்னு இருக்கு. அது முழுசா நடக்கணும், சீக்கிரம் நடக்கணும், ஏன்னா மனசு உடைஞ்சு போய் உக்கார்றவங்களுக்கு எதிர்ல இருக்கறவங்க சர்டிஃபிகேட்ட படிச்சுப் பாக்கற தெம்பு இருக்காது. நானே அன்னிக்குப் படிக்கல. ரிசப்ஷன்ல எடுத்த போட்டோவ அப்புறமா ஜூம் பண்ணிப் பாத்தேன், லேமினேட் பண்ணின அந்த சர்டிஃபிகேட்ல ஆறு வார ஆன்லைன் கோர்ஸ்னு இருந்துச்சு.

நல்லா படிச்சு, மனசார வேல பாக்கற கவுன்சிலர்களும் நம்ம ஊர்ல இருக்காங்க, ரிஜிஸ்டர் வந்தா முதல்ல நிம்மதியாகறது அவங்கதான். காசு இல்லன்னா கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை ஓபி இருக்கு, அவசரம்னா 14416, டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி போன் நம்பர், ஃப்ரீ.

தங்கச்சி ஆறு மாசம் யார்கிட்டயும் போகமாட்டேன்னுட்டா. இப்போ ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட போறா. முதல் நாள் உக்கார்றதுக்கு முன்னாடியே ஆர்சிஐ நம்பர் கேட்டா, அவங்க முகம் சுளிக்காம கார்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்தாங்க, "அம்மா போன் பண்ணா என்ன சொல்லணும், நீயே சொல்லு"ன்னும் கேட்டாங்களாம்.