பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு குருமார் சபை

நாகரிகம் சரிந்துவிட்டது. மின்சாரம் இல்லை, நூலகங்கள் எரிந்துபோயின. எங்கோ ஒரு மலைமேல் சிலர் மட்டும் பழைய அறிவைப் பூட்டி வைத்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் வாழ்கிறார்கள். அறிவியல் புனைகதை படிப்பவர்களுக்கு நன்கு பழகிய காட்சி இது. இப்படி ஒரு சபையை நிஜமாகவே உருவாக்கலாம் என்று அமெரிக்க அரசுக்காக எழுதப்பட்ட அறிக்கை ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி உலகத்தைக் கதையில் கட்ட நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பேன்.

1981-ல் அமெரிக்க எரிசக்தித் துறைக்காக பெக்டெல் என்ற கட்டுமான நிறுவனம் ஒரு பணிக்குழுவைக் கூட்டியது. அதன் முன் வைக்கப்பட்ட கேள்வி ஒன்றே: அணுக்கழிவைப் புதைத்த இடத்தை அடுத்த 10,000 ஆண்டுகளுக்கு யாரும் தோண்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி? புளூட்டோனியம் 239-இன் அரை ஆயுள் ஏறத்தாழ 24,100 ஆண்டு. 10,000 ஆண்டு கழித்தும் நான்கில் மூன்று பங்கு அப்படியே கிடக்கும். அந்தக் காலத்துக்குள் எத்தனை அரசுகள் விழும், எத்தனை மொழிகள் மாறும் என்று யாருக்கும் தெரியாது. குறியியல் (குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று ஆராயும் துறை) அறிஞர் தாமஸ் செபியோக் 1984-ல் கொடுத்த அறிக்கையில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று தொடர் ஓட்டம். மற்றது அணுக் குருமார் சபை.

இரண்டாவதுதான் புகழ்பெற்றது. இயற்பியலாளர், கதிர்வீச்சு நோய் வல்லுநர், மானிடவியலாளர், மொழியியலாளர், உளவியலாளர் எல்லாம் சேர்ந்த ஒரு குழு. வாரிசுகளை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். உண்மை அந்தக் குழுவுக்கு மட்டும் தெரியும். ஊர் மக்களுக்கு ஒரு கட்டுக்கதையும் ஆண்டுதோறும் ஒரு சடங்கும் போதும். “அங்கே போகாதே, தெய்வக் குற்றம்” என்கிற மாதிரி, கதிர்வீச்சோடு சம்பந்தமே இல்லாத ஒரு பயத்தை ஊட்டி வைப்பது. மக்களை ஏமாற்றி ஆளும் ஒரு கூட்டத்தை நாமே உண்டாக்குவதா என்று எதிர்ப்பு வந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனால் அறத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வேலைக்கு ஆகுமா என்று மட்டும் பார்த்தாலும் இந்தத் திட்டம் நிற்காது. மறைத்து வைத்த அறிவைச் சரிபார்க்க ஆள் இருக்காது என்பதே காரணம்.

முதலில் கட்டுக்கதை. 1987 செப்டம்பரில் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து கதிர் சிகிச்சைக் கருவியின் தலைப்பாகத்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டார்கள். உள்ளே இருந்தது சீசியம் 137 என்ற கதிரியக்கப் பொருள். இருட்டில் அது நீலமாக ஒளிர்ந்தது. கடைக்காரர் அதை அதிசயம் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். உற்றார் உறவினர் வந்து பார்த்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டும் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள். 249 பேர் மீது மாசு இருந்தது. ஏறத்தாழ 1,12,000 பேரைச் சோதிக்க வேண்டியதாயிற்று. காரணம் தெரியாத மர்மம் ஆட்களை இழுக்கும். “தெய்வக் குற்றம்” என்ற காவல், சாமியை நம்பாத முதல் தலைமுறையோடு முடிந்துவிடும். நாம் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சங்கதி: மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சுக் குறி 1946-ல் பெர்க்லியில் பிறந்தது. அது பலருக்குப் புரியவில்லை என்பதால், 11 நாடுகளில் மக்களிடம் சோதித்துப் பார்த்து, மண்டையோடும் ஓடும் மனிதனும் சேர்ந்த புதுக் குறியை 2007-ல் வெளியிட்டார்கள். வெறும் அறுபது ஆண்டுக்கே இந்த நிலை.

அடுத்து ரகசியம். அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகளில் உள்ள டபிள்யூ 76 அணுகுண்டில் ஒரு பொருள் சேர்கிறது. அதற்கு ஃபாக்பேங்க் என்று குறிச்சொல். அது என்ன என்பது இன்றும் வெளியே சொல்லப்படவில்லை. டென்னசியின் ஓக் ரிட்ஜில் 1975 முதல் 1989 வரை தயாரித்துவிட்டுத் தொழிற்கூடத்தை மூடினார்கள். பழைய குண்டுகளைப் புதுப்பிக்க 2000 வாக்கில் அது மறுபடி தேவைப்பட்டது. செய்முறைக் குறிப்பு சொற்பம். தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார்கள். புதுக் கூடம் கட்டி, பழைய குறிப்பின்படியே செய்தும் தரம் சரியாக வரவில்லை. கடைசியில் கண்டுபிடித்த காரணம் ஆச்சரியமானது. பழைய மூலப்பொருள் ஒன்றில் ஓர் அசுத்தம் கலந்திருந்தது. பொருள் சரியாக அமைய அதுவே தேவைப்பட்டிருக்கிறது. புதிய சுத்திகரிப்பு முறை அதை நீக்கிவிட்டது. அசுத்தம்தான் வேலை செய்கிறது என்று 1980-களில் செய்தவர்களுக்கே தெரியாது. தெரியாததை எப்படி எழுதி வைப்பார்கள்? அணு ஆயுதத்தை விட இறுக்கமான ரகசிய சபை உலகத்தில் இல்லை. பணத்துக்கும் குறைவில்லை. பதினோரு ஆண்டு இடைவெளியில் அது மறந்துபோயிற்று.

இதிலிருந்து கதைக்கும் நிஜத்துக்கும் பொருந்துகிற விதி ஒன்று கிடைக்கிறது. சபை செய்முறையை மட்டும் காத்தால் போதாது. மூலப்பொருளில் ஒரு பிடி, செய்து முடித்த பொருளில் ஒரு துண்டு, பழுதாய்ப் போன துண்டு ஒன்று, மூன்றையும் சேர்த்து வைக்க வேண்டும். சிறிய அளவிலாவது வேலை நிற்காமல் நடக்க வேண்டும்.

நிற்காமல் நடப்பது என்றால் என்ன என்பதற்கு ஜப்பானின் இசே கோயில் நல்ல சான்று. மரத்தாலான அந்தக் கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறார்கள். 690-ல் தொடங்கிய வழக்கம். 2013-ல் நடந்தது 62-வது முறை. இருபது என்ற எண்ணில்தான் சூட்சுமம். இருபது வயதில் எடுபிடியாக நிற்கும் தச்சன் நாற்பதில் உளி பிடித்துக் கட்டுவான், அறுபதில் மேற்பார்வை பார்ப்பான். ஒரே களத்தில் மூன்று தலைமுறையும் நிற்கும். இடைவெளியை 60 ஆக்கினால் கண்ணால் பார்த்த ஆள் மிஞ்சுவதே அரிது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் நூறு ஆண்டுக்கு மேல் இந்த வழக்கமும் தடைப்பட்டது. ஆனாலும் மீண்டும் எழுந்தது. அந்தக் கோயிலில் என்ன நடக்கிறது என்பது ஊரறிந்ததாக இருந்ததால்தான் எழ முடிந்தது என்பது என் கணிப்பு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். அறிவை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் கொடுப்பதைக் கைமாற்றம் என்போம். 20 ஆண்டுக்கு ஒரு கைமாற்றம் என்றால் 10,000 ஆண்டில் 500 கைமாற்றம். ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 தடவை சரியாக நடக்கும் என்று வைத்துக்கொண்டாலும், சபையின் ஏட்டைக் காக்கும் ஒற்றை மடம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு ஆயிரத்துக்கு ஏழு கூட இல்லை. அதுவே மூன்று மடங்கள் இருந்து, ஒன்று அழிந்தால் மற்றவை அடுத்த கைமாற்றத்துக்குள் அதை எழுப்பிவிடும் என்றால், வாய்ப்பு 99.9 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரே வெள்ளம், ஒரே படையெடுப்பு மூன்றையும் கொண்டுபோகாத தூரத்தில் மடங்கள் இருக்க வேண்டும். ஒன்றை ஒன்று தெரிந்திருக்கவும் வேண்டும். ரகசியத்துக்காகக் கிளைகள் ஒன்றையொன்று அறியாமல் வைத்தால் இந்தக் கணக்கு செத்துவிடும்.

பிரதி எடுப்பதற்கு வருவோம். நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாட் அருகே, 655 மீட்டர் ஆழத்தில் உப்புப் பாறைக்குள் அணுக்கழிவுக் களஞ்சியம் ஒன்று 1999-ல் திறக்கப்பட்டது. ஆயுதத் தயாரிப்பில் புளூட்டோனியம் பட்ட கையுறை, கருவி, கசடு எல்லாம் அங்கே போகின்றன. 2014 பிப்ரவரி 14 அன்று ஒரு டிரம் உள்ளுக்குள் சூடேறி, மூடி பிளந்து, கதிரியக்கம் வெளியேறியது. டிரம்மில் இருந்தது நைட்ரேட் உப்புக் கழிவு. ஈரத்தை உறிஞ்ச, பூனை வளர்ப்பவர்கள் தட்டில் போடும் துகள் போன்ற ஒன்றைக் கலப்பது வழக்கம். அது களிமண், சியோலைட் மாதிரியான கனிமத் துகளாக இருக்க வேண்டும். செயல்முறை ஏட்டைத் திருத்தி எழுதியபோது ‘இன்ஆர்கானிக்’ (கனிமம்) என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்கானிக்’ (கரிமம்) என்று விழுந்தது. சரிபார்த்தவர்கள் கண்ணிலும் அது படவில்லை. கோதுமையில் செய்த துகளை வாங்கிக் கலந்தார்கள். கோதுமை எரிபொருள், நைட்ரேட் அதை எரியவைக்கும். களஞ்சியம் ஏறத்தாழ மூன்று ஆண்டு மூடிக் கிடந்தது.

10,000 ஆண்டுக்குத் திட்டமிட்ட இடத்தில், பதினைந்தாம் ஆண்டிலேயே ஓர் ஏட்டுப்பிழையால் விபத்து! தமிழில் இந்த ஆபத்து இன்னும் நெருக்கம். கனிமம், கரிமம் என்று எழுதிப் பாருங்கள். இரண்டாம் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். ஓலையில் எழுதி மூன்றாம் பிரதி எடுக்கும்போது எது எதுவாகும் என்று சொல்ல முடியாது. அதனால், ஓர் எழுத்து மாறினால் பொருள் தலைகீழாகும் சொல்லை உயிர் போகும் இடத்தில் வைக்கவே கூடாது. “களிமண் போடு; தவிடு, மாவு, மரத்தூள் போடாதே” என்று எழுத வேண்டும். அதில் இரண்டு எழுத்து சிதைந்தாலும் பொருள் தப்பிவிடும்.

பிழையைக் கண்டுபிடிக்க நம் பழைய ஆட்கள் வைத்திருந்த உத்திகளை சபைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அந்தாதியில் ஒரு பாட்டு முடியும் சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். நடுவில் ஓலை ஒன்று காணாமல் போனால் உடனே தெரிந்துவிடும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இப்படி அமைந்ததுதான். எதுகை தட்டினால் அந்தச் சீரில் ஏதோ கோளாறு என்று பதிப்பாசிரியர் நிமிர்ந்து உட்காருவார். ஹீப்ரு வேதத்தைப் படியெடுத்தவர்கள் எழுத்துகளை எண்ணி, நடு எழுத்து எது என்று ஓரத்தில் குறித்து வைத்தார்கள். ஆபத்தான செய்முறைகளைச் செய்யுளாகவும் உரைநடையாகவும் இரண்டு வடிவில் வைப்பது நல்லது. ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

பிரதிகள் எத்தனை? இரண்டு இருந்தால் பிழை இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எது பிழை என்று தெரியாது. குறைந்தது மூன்று வேண்டும். அந்த மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாக இருக்கக் கூடாது. இரண்டாம் மடம் முதல் மடத்து ஏட்டைப் படியெடுத்திருந்தால், சாட்சி இரண்டல்ல, ஒன்றுதான். தாள் என்றால் காரத்தன்மை உள்ள நிலைத்த தாள், கால்சியம் கார்பனேட் இரண்டு சதவீதமாவது சேர்ந்தது. மை, விளக்குக் கரியில் செய்தது. கடுக்காயும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்த்த மை பார்க்கக் கறுப்பாக அழகாக இருக்கும். ஆனால் நாளாக ஆகத் தாளைத் தின்றுவிடும். குறுந்தகடு, வன்தட்டு எதுவும் கணக்கில் வேண்டாம்.

செபியோக்கின் முதல் யோசனையான தொடர் ஓட்டத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பொன். செய்தியை 10,000 ஆண்டுக்கு எழுதாதே, மூன்று தலைமுறைக்கு எழுது. கூடவே, “சுமார் 250 ஆண்டுக்கு ஒருமுறை அன்றைய மொழியில் இதைத் திருப்பி எழுது” என்ற கட்டளையையும் சேர்த்துவை என்றார். மொத்தம் நாற்பது கைகள். தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சங்கப் பாட்டை நாம் உரையோடுதான் படிக்கிறோம். குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய உரை தொலைந்தது; மூலம் தப்பியது. பிறகு 1937-ல் உ.வே.சா. புது உரை எழுத வேண்டியதாயிற்று. மற்ற நூல்களும் அவற்றின் உரைகளும் வெளியே பலர் கையில் இருந்ததால்தான் அவரால் அது முடிந்தது. ஒரே மடத்துப் பெட்டியில் எல்லாம் பூட்டிக் கிடந்திருந்தால், விட்ட இடத்திலிருந்து பிடிக்க வழியே இருந்திருக்காது. ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும்: புது உரை எழுதிவிட்டோம் என்று பழையதைத் தூக்கிப் போடக் கூடாது. பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

அப்படியானால் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதா? தேவையில்லை. கார்ல்ஸ்பாட் களஞ்சியத்துக்காக சாண்டியா ஆய்வகம் 1993-ல் வெளியிட்ட அறிக்கையில் செய்தியை நான்கு படியாகப் பிரித்திருந்தார்கள். இது மனிதர் செய்த இடம் என்பது முதல் படி. ஆபத்தானது என்பது இரண்டாவது. என்ன, ஏன், எப்போது, யார் என்பது மூன்றாவது. முழு விவரம் நான்காவது. ஊராருக்கு முதல் இரண்டு, மாணவருக்கு மூன்றாவது, மூத்தோருக்கு நான்காவது என்று சபை அடுக்கிக்கொள்ளலாம். எந்தப் படியிலும் பொய் இல்லாததால், மேல்படியில் இருப்பவர்கள் ஒரே நோயில் செத்தாலும் கீழ்ப்படியில் மிஞ்சியதை வைத்து ஆராய்ந்து மேலே ஏற முடியும். கட்டுக்கதையிலிருந்து அப்படி ஏற முடியாது. மறைப்பது கட்டாயம் என்றால் ஏடு இருக்கும் அறையை மறைக்கலாம். ஏட்டில் உள்ளதை மறைக்கக் கூடாது. அமெரிக்க விதிமுறையிலேயே, ஆள் வைத்துக் காவல் காப்பதை 100 ஆண்டுக்கு மேல் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றிருக்கிறது. அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆண்டுச் சடங்கு மட்டும் செபியோக் சொன்னபடியே இருக்கட்டும். ஆனால் நடப்பது வேறாக இருக்கும். காலையில் மூன்று மடத்து ஏடுகளையும் எடுத்துவந்து ஒருவர் வாசிக்க இருவர் ஒப்பிட வேண்டும். எழுத்து எண்ணிக்கையை ஊரார் கேட்கச் சொல்ல வேண்டும். ஒப்பிடுபவர் அந்த ஏட்டை எழுதியவராக இருக்கக் கூடாது. தான் எழுதிய பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. பிறகு சிறுவர்கள் கையில் ஆளுக்கொரு பிடி உறிஞ்சு துகள் கொடுத்து அடுப்பில் போடச் சொல்ல வேண்டும். போட்ட பிறகும் மண்ணாகவே கிடந்தால் அதைக் கலக்கலாம். புகைந்து கருகினால் அது டிரம்முக்குள் போகக் கூடாது.