ஒரே பக்கத்தில் அடங்கிய அல்பம்

எண்பதுகளின் கடைசியில் கொழும்பில் எங்களோடு படித்தவர்களில் மெற்றல் இசை கேட்டவர்கள் ஒரு சிறு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள் கைமாறிய கசெற்றுகளில் அமெரிக்க மெற்றல் குழுவான சிலேயரின் ‘றெய்ன் இன் பிளட்’ அல்பத்துக்குத் தனி இடம். சி-60 கசெற்றின் ஒரு பக்கம் 30 நிமிடம். அல்பமோ 29 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. பத்துப் பாடல்களும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். கொம்பனி வெளியிட்ட கசெற்றிலேயே இரண்டு பக்கமும் முழு அல்பமும் இருந்தது.

ஆனால் கைவசம் மிஞ்சுவது ஒரு நிமிடம்தான். நாடாவின் தொடக்கத்தில் ஒலி பதியாத வெற்றுத் துண்டு சில செக்கன் ஓடும். அதைப் பென்சிலால் சுற்றிக் கடத்தாமல் பதிவைத் தொடங்கினால் முதற்பாட்டின் கிற்றார் தொடக்கம் போய்விடும். பாட்டுகளுக்கு இடையில் நிறுத்தி நிறுத்திப் பதிந்தால் கடைசிப் பாட்டின் முடிவில் வரும் மழைச்சத்தம் வெட்டுப்படும். நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டொல்பி வசதியைப் போட்டுப் பதிந்ததை டொல்பியோடு கேட்க வேண்டும். டொல்பி இல்லாமல் பதிந்த நாடாவை அந்தப் பொத்தானை அழுத்திக் கேட்டால் சிம்பல் ஓசை மங்கிவிடும். நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டின் சாய்வு பிசகினாலும் அதே கதி. ஒவ்வொரு பிரதிக்கும் இரைச்சல் ஏறும், மேல்சுருதி இறங்கும். அப்படியிருந்தும் இந்த அல்பத்தின் மூன்றாம் பிரதியில்கூட ஒவ்வொரு கிற்றார் அடியும் பிரிந்து கேட்டது. அதற்கான காரணம் பதிவு செய்த முறையிலேயே இருக்கிறது.

1986இல் லொஸ் ஏஞ்சல்ஸின் ஹிற் சிற்றி வெஸ்ற் ஸ்ருடியோவில் பதிந்தார்கள். தயாரிப்பாளர் றிக் றூபின், அதுவரை டெவ் ஜாம் என்ற இசைத்தட்டுக் கொம்பனியின் ஹிப்ஹொப் தட்டுகளால் அறியப்பட்டவர். ஒலிப் பொறியாளர் அண்டி வொலஸ். குழுவின் முந்தைய அல்பமான ‘ஹெல் அவெய்ற்ஸ்’ (1985) ஏழு பாட்டுகளோடு 37 நிமிடம், எங்கும் எதிரொலி. றூபின் அந்த எதிரொலியைக் கழற்றிவிட்டார். என் கணிப்பில் இந்த அல்பத்தின் மிகப் பெரிய முடிவு அதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 210 தட்டு வேகம், ஒரு தட்டுக்கு நான்கு அடி என்றால், இரண்டு அடிகளுக்கு இடையே சுமார் 71 மில்லிசெக்கன். எதிரொலி 2 செக்கன் நீடித்தால் 28 அடிகள் ஒன்றின்மேல் ஒன்று குவியும். வாசிப்பவர் எவ்வளவு துல்லியமாக வாசித்தாலும் கேட்பவருக்கு அது ஒரே முழக்கம். எதிரொலியை எடுத்தால் அடிகளுக்கு நடுவில் மௌனம் கிடைக்கும். வேகம் காதுக்குத் தெரிவது அந்த மௌனத்தால்.

அதற்கு விலையும் உண்டு. எதிரொலி இல்லாத பதிவில் பிழையை மறைக்க இடமில்லை. கெரி கிங், ஜெஃப் ஹனமன் இருவரும் கிற்றாரை அரைச்சுருதி இறக்கி, ஆளுக்கொரு ஸ்பீக்கர் பக்கம் நின்று ஒரே தொடரை வாசிக்கிறார்கள். ஒருவர் 20 மில்லிசெக்கன் பிந்தினாலே அடியின் கூர்மை கலைந்துவிடும். வலது உள்ளங்கையின் விளிம்பை, கிற்றாரின் உடலில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின்மேல் வைத்துக் கம்பியை அடக்க வேண்டும். கை முன்னால் நகர்ந்தால் சுருதியே செத்துவிடும், லேசாக வைத்தால் கம்பி முழங்கி அந்த இடைவெளியை நிரப்பிவிடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்ரோர்ஷனைக் கூட்டினால் பலம் கூடும் என்று புதிதாகப் பழகுபவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது மீட்டலின் முனையை மழுக்கும். கொஞ்சம் குறைத்து, கையால் அழுத்தி மீட்டுவதே வழி. இரட்டைக் கால் ட்ரம்முக்கும் இதே விதி: அடிநாதத்தின் வீக்கத்தைக் குறைத்து, தோலில் அடி விழும் ‘டக்’கென்ற ஓசையை முன்னே கொண்டுவர வேண்டும். ட்ரம் வாசிப்பவரான டேவ் லொம்பார்டோ முதற்பாட்டில் கால்களால் மட்டும் வாசிக்கும் அந்தச் சில செக்கன்களைக் கேட்டால் போதும், இது விளங்கும்.

வரவேற்பு சுமுகமாக இருக்கவில்லை. டெவ் ஜாமின் விநியோகஸ்தரான கொலம்பியா, லறி கரொலின் அட்டை ஓவியத்தையும் அவுஷ்விற்ஸ் நாஜி வதைமுகாமின் வைத்தியர் ஜோசப் மெங்கலே பற்றிய முதற்பாட்டையும் காட்டி விநியோகிக்க மறுத்தது. ஜெஃபன் என்ற வேறொரு கொம்பனி பொறுப்பேற்றது, ஆனாலும் தன் வெளியீட்டுப் பட்டியலில் சேர்க்கவில்லை. 1986 ஒக்ரோபர் 7இல் வந்தது. வானொலியின் துணை ஏறக்குறைய இல்லாமலே பில்போர்ட் பட்டியலில் 94ஆம் இடம் வரை ஏறி, 1992இல் அமெரிக்காவில் தங்கத்தட்டானது. நாஜி அனுதாபிகள் என்ற குற்றச்சாட்டைக் குழு மறுத்தது. பாட்டில் மெங்கலேக்குப் புகழ்ச்சி இல்லை, கொடுமைகளின் விவரிப்புத்தான். ஆனால் கண்டனமும் வெளிப்படையாக இல்லை. அந்த முகாம்களில் உறவுகளை இழந்தவர்கள் கொதித்ததை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது கேட்கப் போகிறவர்களுக்கு: 1998 மறுபதிப்பில் மழைக்குப் பிறகு இரண்டு பாட்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன, பத்தோடு நிறுத்துங்கள். கைபேசியில் கேட்டால் வரிசை கலைக்கும் வசதியையும், பாட்டுகளை ஒன்றோடொன்று குழைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஒன்பதாவது பாட்டு பத்தாவதுக்குள் நேரே இறங்குகிறது.