நடுவில் உட்கார்ந்திருக்கும் மாணவனைக் கேளுங்கள்

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது பாட்டிலோ வாத்தியத்திலோ ஆசை வந்துவிட்டால், பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான்: "நல்ல வித்வான் யார் இருக்கிறார்?" என் மகளுக்கு மிருதங்கம் சொல்லித்தர ஆள் தேடி ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் அலைந்தபோது, இந்தக் கேள்வி மட்டும் போதாது என்று புரிந்தது. ஒருவர் நன்றாக வாசிக்கிறாரா என்பதைக் கச்சேரியில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளலாம். நன்றாகச் சொல்லித்தருகிறாரா என்பதை அவருடைய வகுப்பில் உட்கார்ந்தால்தான் தெரிந்துகொள்ள முடியும். அங்கேயும் முதல் மாணவனை வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லா ஆசிரியரிடமும் சூட்டிகையான பிள்ளை ஒன்று இருக்கும். அது யாரிடம் போயிருந்தாலும் தேறியிருக்கும். மூன்று வருடமாக வருகிற, பெரிய திறமை என்று சொல்ல முடியாத, பரீட்சை வந்தால் லீவு போடுகிற ஒரு நடுத்தரப் பிள்ளை தாளம் விலகாமல் வாசிக்கிறதா என்று பாருங்கள். ஆசிரியரின் உழைப்பு அந்தப் பிள்ளையிடம்தான் தெரியும்.

எங்களுக்குத் தேடல் கொஞ்சம் நீண்டதற்குக் காரணம் உண்டு. என் மகள் இடக்கைப் பழக்கக்காரி. எழுதுவது, பந்து எறிவது, கோலம் போடுவது எல்லாம் இடக்கையால்தான். சாப்பாடு மட்டும் பாட்டியின் கண்டிப்பால் வலக்கைக்கு வந்தது. மிருதங்கத்தில் இது சின்ன விஷயமல்ல. நுணுக்கமான விரல் வேலை வலந்தலையில், அதாவது வழக்கமாக வலக்கை வாசிக்கிற பக்கத்தில் நடக்கிறது. கனத்த ஒலியும் கும்கி என்கிற குழைந்த நாதமும் மறுபக்கமான தொப்பியில். இடக்கைக்காரர் வாத்தியத்தையே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். மேடையில் வலந்தலை ரசிகர்கள் பக்கம் இருக்க வேண்டும் என்பதால் மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகரின் வலப்புறம் உட்காருகிறார், வயலின்காரர் இடப்புறம். இடக்கைக்காரர் வந்தால் இருவரும் இடம் மாற வேண்டும். எல்லா வயலின் கலைஞர்களும் இதற்கு ஒப்புக்கொள்வதில்லை.

நாங்கள் போய்ப் பார்த்த ஒருவர் மேடையில் நல்ல பெயர் எடுத்தவர். அன்பாகத்தான் பேசினார். "கையை மாற்றிவிடலாம் அம்மா, சின்னக் குழந்தைதானே, பழகிவிடும். இல்லாவிட்டால் நாளைக்கு யாரும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றார். அவருடைய கவலை பொய்யில்லை. ஆனால் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தவர். பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி இருவரோடும் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராகப் பேசப்படுகிறவர் அவர். உறவினர் சிலர் வேறு, "பெண் குழந்தைக்கு எதற்கு மிருதங்கம், வீணை சொல்லிக்கொடேன்" என்று ஆரம்பித்தார்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் சீக்கிரமே போய்விடக்கூடிய புதுக்கோட்டையில், திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மிருதங்கம் கற்று மேடையேறியிருக்கிறார். அவருக்குச் சொல்லித்தந்தவர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. பழனி சுப்பிரமணிய பிள்ளையும் அவரிடம் பாடம் கேட்டவர்தான். ஒரே குருவிடம் ஒரு பெண்ணும் ஓர் இடக்கைக்காரரும்! அந்தக் காலத்திலேயே ஒரு மகானுக்கு அது முடிந்திருக்கிறது என்றால், என் மகளின் கையை மாற்றச் சொல்கிறவரிடம் நான் ஏன் அவளைச் சேர்க்க வேண்டும்?

இன்னொரு வகுப்பில் வேறு வகையான சிக்கல். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரு பெரிய கோர்வையை, அதாவது கணக்குப் போட்டுக் கட்டிய முடிவுப் பகுதியை, பொரிந்து தள்ளினார்கள். கேட்கவே பிரமிப்பாக இருந்தது. சுவரெல்லாம் போட்டிக் கேடயங்கள். நான் ஒரு சிறுமியிடம், "ஏதாவது ஒரு பாட்டுக்கு வாசிப்பாயா கண்ணு, நான் பாடுகிறேன்" என்று கேட்டுவிட்டு, ஆதி தாளத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சின்னக் கீர்த்தனையைப் பாடினேன். அவளுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. பாட்டு எங்கே எடுக்கிறது, எங்கே அமர்கிறது, சரணத்தில் எப்போது சத்தத்தைக் குறைக்க வேண்டும், இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. குழந்தையின் குற்றம் எதுவுமில்லை. மிருதங்கம் பக்கவாத்தியம். அதன் உயிர் சர்வலகுவில், பாட்டோடு சேர்ந்து ஓடுகிற அந்தச் சீரான நடையில் இருக்கிறது. மோரா என்கிற முத்தாய்ப்பும் கோர்வையும் அதன் மேல் வருகிற அலங்காரம். அலங்காரத்தை மட்டும் கற்றுக்கொடுத்துக் குழந்தையைப் போட்டிக்கு அனுப்புகிற இடங்கள் இப்போது பெருகிவிட்டன. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

மாவட்ட அரசு இசைப் பள்ளியையும் யோசித்தோம். குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பாகவே கற்றுத்தருகிறார்கள். பகல் நேர வகுப்பு என்பதால் பள்ளிக்கூடம் போகிற என் மகளுக்கு ஒத்துவரவில்லை. வயது கூடிய பிள்ளைகளுக்கு அது அருமையான வழி.

கடைசியில் அவளைச் சேர்த்த இடத்துக்கு நான் முதலில் தனியாகத்தான் போனேன். வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய சின்ன அறை. ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். "தாராளமாக உட்காருங்கள்" என்றார் ஆசிரியர். அனுமதி கேட்டாலே முகம் சுளிக்கிற இடத்தில் அதற்கு மேல் எதையும் கேட்க வேண்டாம் என்பது என் கட்சி.

அன்று ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன், ததிகிணதொம் என்கிற சொற்கட்டை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் வாசித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் காலத்துக்குப் போனதும் அவன் கை முந்திக்கொண்டது. தாளம் தொடங்குகிற இடமான சமத்துக்கு வருவதற்குள் அரை அட்சரம், அதாவது அரை எண்ணிக்கை, ஓடிவிடுகிறான். மறுபடி வாசித்தான், மறுபடி அதே ஓட்டம். ஆசிரியர் தன் மிருதங்கத்தில் வாசித்துக் காட்டவில்லை. "கையை எடு. நீ தாளம் போடு, நான் சொல்கிறேன்" என்றார். பையன் தாளம் போட்டான். அவர் வேண்டுமென்றே அவனைப் போலவே ஓட்டமாகச் சொல்லி, அவனுடைய தட்டுக்கு முன்னால் போய் நின்றார். பையன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன ஆயிற்று?" "சார், நீங்கள் முந்திவிட்டீர்கள்." "சரி, இப்போது நீ சொல், நான் தாளம் போடுகிறேன்." அவன் வாயால் சொன்னான், நிதானமாக, சரியாக. அதன் பிறகுதான் கை மிருதங்கத்துக்குப் போனது. ஒரு கடுஞ்சொல் இல்லை, ஒரு பாராட்டும் இல்லை. தன் ஓட்டத்தைத் தானே கேட்கிற காது அந்தப் பையனுக்கு அன்று கிடைத்தது. அவன் வகுப்பில் முதலாமவன் இல்லை, கடைசியும் இல்லை. நான் தேடிக்கொண்டிருந்த மாணவன் அவன்தான்.

அடுத்த வாரம் மகளை அழைத்துப் போனேன். இடக்கை விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அவளை எதிரில் உட்கார வைத்து, "உனக்கு இது சௌகரியம். மற்றவர்கள் என் கையைப் பார்த்து மாற்றி யோசிக்க வேண்டும், நீ கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி பார்த்து வாசிக்கலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரெதிரே உட்கார்ந்தால் அவருடைய வலக்கைக்கு நேர் எதிரே அவளுடைய இடக்கை! குறை என்று நாங்கள் சுமந்துகொண்டு போனதை அவர் பாடத்துக்கு உதவியாக ஆக்கிக்கொண்டார்.

மிருதங்கம் வாங்க வேண்டுமா என்று கேட்டதற்கு, இப்போது வேண்டாம் என்றார். முதலில் வாய், தாளம் போடுகிற கை. வாயில் வராதது விரலில் வராது என்பது லயக்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். வாங்குகிற நாள் வந்தபோது அவரே கூட வந்து, குழந்தையின் கைக்கு எட்டுகிற அளவாக, ஹெச்சு என்கிற உயர்ந்த சுருதியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தந்தார். தொப்பிக்கு ரவையைப் பிசைந்து ஒட்டுவதையும், வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டித் துடைத்து வைப்பதையும் முதல் நாளிலிருந்தே அவளையே செய்ய வைத்தார். ரவை கூடினால் ஒலி எப்படி இறங்குகிறது என்பதைக் கேட்கச் சொல்லி, கொஞ்சம் கிள்ளி எடுத்துவிட்டு மறுபடி கேட்கச் சொன்னார். சுருதி ஞானத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

ஆன்லைன் வகுப்பு பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேறு வழியே இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஒலி தாமதமாகப் போய்ச் சேர்வதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. இரைச்சலைக் குறைக்கிற வசதி, தம்புராவையும் தொப்பியின் ஒலியையும்கூட இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடும். ஜூம் போன்ற செயலிகளில் அதை அணைத்துவைக்க வழி உண்டு. தொடக்கப் பாடங்களை மட்டுமாவது நேரில் கற்பது நல்லது. கை வைக்கிற இடம் ஒரு விரற்கடை தவறினால்கூடத் திருத்துவதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

நான் கேட்ட இன்னொரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன்: "பின்னாளில் இவள் வேறொருவரிடமும் கற்க ஆசைப்பட்டால்?" சிலருக்கு இது சங்கடமான கேள்வி. இவர் யோசிக்காமல் பதில் சொன்னார்: "என்னிடம் இருப்பது முடிந்தால் நானே சொல்லி அனுப்புவேன்." உமையாள்புரம் சிவராமன் அறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார் என்று நால்வரிடம் கற்றவர். வைத்தியநாத ஐயரிடமே மணி ஐயரும் டி. கே. மூர்த்தியும் பாடம் கேட்டார்கள், இருவர் வாசிப்பும் இரு வேறு வழி. சொந்த அச்சில் பிள்ளையை வார்க்காத, கைக்குள் பூட்டி வைக்காத மனம் நல்ல ஆசிரியருக்கு எப்போதும் இருந்திருக்கிறது.

விஜயதசமியன்று தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பிள்ளையைச் சேர்க்க நினைப்பவர்கள், ஆடி மாதத்திலேயே வகுப்புகளைப் போய்ப் பார்க்கத் தொடங்குங்கள். சம்பளம் மாதக் கணக்கா வகுப்புக் கணக்கா, மார்கழியில் ஆசிரியர் கச்சேரிக்குப் போனால் பாடம் யார் எடுப்பார் என்பதையெல்லாம் அப்போதே பேசிவிடுங்கள். பிள்ளை இடக்கைக்காரர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள்.