அடித்து எழுதினால் கையெழுத்து

வேலூரில் ஓர் அரிசி மண்டிக்கு எம்.எஸ். ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் பில் போடும் ஃபார்ம் செய்து கொடுத்திருந்தேன். அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"தம்பி, 26 கிலோ பொன்னி 1,450னு போட்டு வெச்சிகினு போறேன். வந்து பாத்தா பில்லுல 1,380னு நிக்குது. எவனோ கை வெக்கறான்." சொல்லும்போதே பில் போடும் பையனை ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் பாவம், எண்ணிய மூட்டைகளையே திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

(26 கிலோ என்ன கணக்கு என்றால், 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. மூட்டை ஒரு கிலோ பருத்துவிட்டது.)

சரி, ஆளுக்கொரு லாகின் கொடுத்து, யார், எப்போது, எந்தக் கட்டத்தில், பழைய மதிப்பு என்ன, புதிய மதிப்பு என்ன என்று ஃபார்மையே தனி அட்டவணையில் எழுத வைத்தேன். இரண்டு நாள் கழித்து முதலாளி பிரிண்டை நீட்டினார். "இன்னாபா இது? 1,380 மாறி 1,380 ஆச்சாம்?"

தப்பு என்னுடையதுதான். ரெக்கார்டு சேவ் ஆன பிறகு ஓடும் ஆஃப்டர் அப்டேட்டில் புரோகிராம் எழுதியிருந்தேன். அதற்குள், பழைய மதிப்பைச் சொல்லும் ஓல்டு வேல்யூவும் புதிய மதிப்பாகவே மாறிவிடும். கல்யாணம் முடிந்த பிறகு பெண் பார்க்கப் போன கதை. சேவ் ஆகும் முன்பே ஓடும் பிஃபோர் அப்டேட்டுக்கு மாற்றி, இரண்டு மதிப்பும் வேறாக இருந்தால் மட்டும் எழுதச் சொன்னேன். அப்புறம் காலிக் கட்டத்தை நிரப்பினால் பதிவாகவில்லை. காலிக் கட்டத்தின் மதிப்பான நல் (Null) என்பதை எதனோடு ஒப்பிட்டாலும் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. அதற்கு, காலிக்குப் பதில் ஒரு மதிப்பு தரும் என்.இசட். (Nz) ஒன்று போட்டேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கணக்குப்பிள்ளைக்கு எழுபது வயதிருக்கும். கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார். "இதுக்கா இவ்ளோ பாடு? பேரேட்டுல தப்பு வந்தா அழிக்கக் கூடாது. பழசு தெரியற மாதிரி ஒரு கோடு போட்டு அடிச்சு, மேல சரியானத எழுதி, பக்கத்துல சுருக்கொப்பம் வெக்கணும். முதலாளியோட அப்பா காலத்துலயே இதான்." என் நாற்பது வரி புரோகிராம் செய்ததும் அவ்வளவுதான்.

ஒரு வாரம் கழித்துப் பிரிண்ட் எடுத்தோம். நான்கு திருத்தம். நான்கும் குடியாத்தம் பார்ட்டி ஒருவருக்கு, 1,450 போய் 1,380. நேரம் காலை ஆறே கால். லாகின், முதலாளியுடையது.

"என் பேர்ல எவனோ பூந்துட்டான்."

"ஆறே காலுக்குக் கடச் சாவி உங்ககிட்டதான இருக்குது?" என்றார் கணக்குப்பிள்ளை, கண்ணாடியைத் துடைத்தபடி.

முதலாளி பார்ட்டி பெயரை இன்னொரு முறை படித்தார். குரல் இறங்கியது. "சம்பந்தி போன்ல கேட்டாருப்பா. இல்லேன்னு சொல்ல முடியுமா? அப்பவே மாத்திட்டு மறந்துட்டேன்."

பையன் மூட்டை எண்ணுவதை நிறுத்தினான்.

முதலாளி மேசையிலிருந்த பேனாவை எடுத்து அந்த நான்கு வரியையும் சரசரவென்று அடித்தார். கணக்குப்பிள்ளை தாளை மெதுவாக அவர் பக்கமே திருப்பி நகர்த்தினார்.

"பக்கத்துல சுருக்கொப்பம் வெச்சிடுங்க."