‘ல’வா, ‘லெ’வா? அம்மாவின் பி.எஃப். வாங்கிய கதை

"இந்தப் பேர்ல எங்க கடைல ஆளே கிடையாதேம்மா."

கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார் பீடிக் கடைக் கணக்குப்பிள்ளை. இறந்துபோன அம்மாவின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தைக் கேட்டுப் போயிருந்தேன். 31 வருஷம், நாளுக்கு 1,000 பீடி, அந்தக் கம்பெனி நூலைக் கட்டித்தான் எங்க அம்மா மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். ஆளே கிடையாதாம். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, நன்றாக அழுதேன். அழுது முடித்த பிறகுதான் பழைய பீடி பாஸ்புக்கை எடுத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன்.

அம்மாவின் பெயர் லட்சுமி. அது ஆதாரில் ‘ல’வில் தொடங்குகிறது, ரேஷன் கார்டில் ‘இல’வில், பீடி பாஸ்புக்கில் ‘லெ’வில். பாஸ்புக்கில் பின்னால் ஒரு ‘அம்மாள்’ வேறு. இனிஷியலும் ஒத்துவரவில்லை. அவள் கடையில் பதிந்தது 1986இல், கல்யாணத்துக்கு முன்னால். அதில் தாத்தாவின் எழுத்து. மற்றதில் எல்லாம் அப்பாவின் எழுத்து. தெருவில் யாருக்கும் இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது. கடைசிப் பத்து வருஷமாக என் மகன் பெயரைச் சொல்லி, "அவனோட ஆச்சி" என்றால்தான் தெரியும்.

இந்த வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம்தான், காசு கிடையாது. ஆனால் பதியப் போவதற்கு முன்னால் இறந்தவரின் எல்லாக் காகிதத்தையும் பாயில் பரப்பி வைத்து ஒரு தடவை படித்துவிடுங்கள். அழுகிற வீட்டில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? எங்களுக்கும் தோன்றவில்லை. தம்பி அம்மாவின் ஆதாரைக் காட்டிப் பதிந்தான். அது தப்பில்லை, ஆதார்ப்படி போவதுதான் நல்லது. எது எது ஆதாரோடு ஒட்டவில்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் நாலு மாசம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து வாரிசுச் சான்றிதழ். அதற்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழும் வேண்டும். அப்பா கேரளாவில் கடை வேலைக்குப் போன இடத்தில் இறந்தவர். அதுதான் இழுத்தடிக்கும் என்று பயந்துகொண்டிருந்தோம். அங்கே எல்லாம் ஆன்லைனில் கிடக்கிறது. அரை மணி நேரத்தில் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. மாட்டிக்கொண்டது நம்ம ஊர் இ-சேவை மையத்தில். கட்டணம் 60 ரூபாய், அங்கே இருந்த பையன் கேட்டது 250. சரி, கொடுத்தேன். பையன் சான்றிதழை ஸ்கேன் பண்ணாமல் செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றியிருக்கிறான். அவன் கட்டைவிரல் நிழல் அப்பா பெயர் மேலேயே விழுந்திருக்கிறது. மூன்று வாரம் கழித்து, ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்று மனு திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து. பட்டனை அமுக்குவதற்கு முன்னால் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

இரண்டாவது மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒழுங்காக நகர்ந்தது. துபாய்க்குத் திரும்பிவிட்ட தம்பியின் ஆதாரும் சேர்த்துக் கேட்டார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினான், முடிந்தது.

மிச்சம் இருந்தது பீடிக் கடை.

வீட்டில் இருந்து பீடி சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்ன பிறகுதான் எங்க பக்கத்துப் பெண்கள் பலரையும் ஒழுங்காகப் பதிந்தார்களாம். சங்கத்து அண்ணன் ஒருவர்தான் இதைச் சொன்னார். "பேரைச் சொல்லித் தேடாதீங்க தங்கச்சி, பி.எஃப். நம்பரைச் சொல்லித் தேடச் சொல்லுங்க" என்றதும் அவர்தான். பாஸ்புக் அட்டையின் உள்பக்கம், புகையிலைக் கறைக்கு அடியில், அந்த நம்பர் இருந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்.

நம்பரோடு போனேன். கணக்குப்பிள்ளை தட்டிப் பார்த்தார். ஆள் இருந்தாள். ஆனால், "இது ‘லெ’ல்லா, நீங்க கொண்டு வந்தது ‘ல’ல்லா" என்றார். திருத்த மனுவில் கம்பெனி கையெழுத்தும் சீலும் வேண்டும். "முதலாளி ஊர்ல இல்ல, அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரமும் முதலாளி ஊரில் இல்லை. அதற்கடுத்த வாரம் சீல் இருக்கிற பீரோச் சாவி ஊரில் இல்லை. ஒரு நடைக்கு ஒன்றரை மணி நேரம் பஸ்.

நாலாவது நடையில் பாஸ்புக்கைப் பிரித்து மேஜை மேல் வைத்தேன். அம்மா கொண்டுபோய்க் கொடுத்த எண்ணிக்கை, வாங்கி வந்த இலை, தூள், சரியில்லை என்று கழித்த பீடி என்று பக்கம் பக்கமாக ஊதா மையில் எழுதியிருக்கும். ஏழு போடும்போது நடுவில் ஒரு கோடு போட்ட கை. இந்த மனுஷன் அப்போதுதான் எனக்கு எழுதிக் கொடுத்த ரசீதிலும் அதே ஏழு.

"இது உங்க கையெழுத்துதான அண்ணாச்சி?"

ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு பக்கம் திருப்பினார். "வடக்குத் தெரு அக்காவா? சுருட்டை முடி? கட்டு தளரவே தளராதே அவ பீடி. எப்ப இறந்தா?"

சொன்னேன். "ஒரு பீடியக்கூட நான் கழிச்சது கிடையாதும்மா" என்றார். எதிரே திறந்திருந்த பக்கத்திலேயே 40, 60, 35 என்று கழிவு எழுதியிருந்தது. "இன்னைக்கும் அம்பது கழிச்சிட்டான் பாவி" என்று முறத்தைத் திண்ணையில் போட்டுவிட்டு அம்மா உட்கார்ந்த சாயங்காலங்கள் எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டேன். சீல் வேணுமே.

அவரே ஏணி வைத்து ஏறிப் பரணிலிருந்து ஒரு காகிதக் கட்டை இறக்கினார். அதில் அம்மாவின் நாமினேஷன் படிவம் இருந்தது. நாமினி என்று தாத்தாவின் பெயர். கல்யாணம் ஆனதுமே அது செல்லாது, மாற்றி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. உங்க வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் இன்றைக்கே நாமினி யார் என்று பாருங்கள். நாங்கள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்ததே இதனால்தான்.

படிவத்தின் அடியில் கைநாட்டு. 19 வயசுப் பெண்ணின் இடது பெருவிரல். ரேகை ஒவ்வொன்றும் சுழி சுழியாக, எண்ணிவிடலாம் போல.

எனக்குத் தெரிந்த அம்மா விரலில் ரேகை கிடையாது. ஈர இலையை நறுக்கி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி மடக்கி, விரல் நுனி சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. ரேஷன் கடை மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பாள், எதையும் எடுக்காது. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். கடைசியில் என் மகன்தான் கூடப் போவான். "ஆச்சிக்குப் பதிலா நான் வைக்கேன்" என்று அவன் கையை நீட்ட, கடைக்காரர் சிரித்துவிட்டு, என்னை வரச் சொல்லுவார். அவன்தான் ஒரு லீவில் சிலேட்டில் எழுதிக் காட்டி அவளுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தான். ‘ல’வில் தொடங்கும் கையெழுத்து. அந்த எழுத்தில்தான் ஆதாருக்கும் பெயர் கொடுத்தோம். அந்த வகையில் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம் இரண்டாம் வகுப்பு படித்த இந்தச் சின்ன வாத்தியார்தான்.

அந்தப் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கணக்குப்பிள்ளை அவரே போய் எடுத்துக்கொண்டு வந்தார், காசு வாங்கவில்லை. சீலும் விழுந்தது.

பி.எஃப். ஆபீஸைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. படிவம் 20, மூன்று பேருக்கும் தனித்தனியாக, பாஸ்புக் நகலோடு. பென்ஷன் எங்களுக்கு வராது, 25 வயசைத் தாண்டிய பிள்ளைகள். கவுன்டரில் இருந்த பெண்மணி ஒரு தடவையிலேயே எல்லாவற்றையும் சரிபார்த்து வாங்கிக்கொண்டார். தங்கச்சி கொடுத்த அக்கவுன்ட் நம்பரில் ஓர் எண் விட்டுப்போனதைக்கூட அவர்தான் கண்டுபிடித்தார். பணம் வந்துவிட்டது.

தங்கச்சி அவள் பங்கில் வளையல் எடுத்தாள். என் மகனுக்கு ஆச்சியின் கத்தரியும், இலை வெட்டுகிற அளவுத் தகடும் வேண்டுமாம். எடுத்து அவன் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறான்.

ரேஷன் கார்டில் அம்மா பெயரை நீக்க இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, ஆன்லைனிலேயே முடிகிற வேலைதான். தம்பி போனில் கேட்கும்போதெல்லாம், சர்வர் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.